கூரையை அறுத்தா ஸ்போர்ட்ஸ் காராயிருமா கண்ணு?

ஏங்கண்ணு, பெங்களூர்ல பழைய பீட்டில் காரு ஒண்ணை வாங்கி, லாரியில ஏத்தியாந்து ஓமலூர்ப் பட்டறையில நிறுத்தியிருக்கறயாமா. கூரையை அறுத்தெறிஞ்சு, ரத்தச் செவப்புல பெயிண்ட் அடிச்சு, பொறத்தாண்ட ஒரு ரெக்கையும் வெச்சு, 'ஜெர்மன் கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்'னு எழுதோணும்னு டிங்கர்கிட்டச் சொல்லியிருக்கறயாமா. டிங்கரு மொதல்ல எனக்குத்தான் போன் போட்டான். "ஏனுங்க, பையன் சொல்றபடி செஞ்சுறட்டுங்களா?"ன்னான். "அவன் பெரிய படிப்புப் படிச்சவன், செய்யாம இருக்க முடியுமா? ஆனா நான் அவன்கிட்ட ஒரு நாயம் பேசி முடிக்கற வரைக்கும் கட்டிங் மெஷினுக்குக் கரண்ட் குடுக்காதே"ன்னு சொல்லி வெச்சிருக்கறேன். ஒக்காரு. உங்கம்மாயி காப்பி கொண்டாருவா.

எனக்கு என்ன தெரியும்? நான் டீசல் பம்ப் மெக்கானிக்கு. நாசில் பாக்கறது, பிளஞ்சர் மாத்தறது, பெஞ்சுல ஏத்தி டெலிவரி அளக்கறதுன்னு இதுலயே நரைச்ச தலை. நீ உலகத்தையே மடியில வெச்சுத் தட்டறவன். இருந்தாலும் ஒண்ணு கேட்டுக்க. சேலம், நாமக்கல் பக்கம் ஜெர்மன்காரனைத் தெரியாத ஆளு கெடையாது. 1954-ல டாடாக்காரங்க டெய்ம்லர்-பென்ஸ் கூட ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூர்ல லாரி செய்ய ஆரம்பிச்சாங்க. மூஞ்சியில மூணு முனை நட்சத்திரம். 1969-ல ஒப்பந்தம் முடிஞ்சு நட்சத்திரம் எறங்கற வரைக்கும், நம்ம பக்கம் பொண்ணு குடுக்கறவங்க மாப்பிள்ளை வீட்டு வாசல்ல பென்ஸ் லாரி நிக்குதான்னுதான் மொதல்ல எட்டிப் பாப்பாங்க. அந்த லாரிக்கு உசுரு குடுக்கற பம்ப்பும் ஜெர்மன் பாஷ் வழி வந்ததுதான். 1951-ல மைக்கோ கம்பெனி தொடங்கி, பெங்களூர்ல இருந்து நம்ம பெஞ்சுக்கு வந்துச்சு. சந்தைக்கு வெங்காயம் ஏத்திக்கிட்டு வர்ற டெம்போ இருக்குதே, அதுவும் ஹாம்பர்க்ல பொறந்த சாதி. ஆக, ஜெர்மனி நம்மூருக்கு வந்தது சொமை தூக்கறதுக்கு. பந்தயத்துக்குக் கூப்புட்ட மொத ஆளு நீதான் ராசா.

ஸ்போர்ட்ஸ் காருன்னா என்னன்னு உன்னைக் கேட்டா என்ன சொல்றே? ரெண்டே கதவு இருக்கோணும். மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்டு ஹெரால்டு மொத வந்தப்ப ரெண்டு கதவுதான். அதுல டாக்டருங்க கைப்பையோட அலுங்காமப் போயிட்டு வந்தாங்க. சரி, கூரை இருக்கக் கூடாதுங்கறே. எங்கிட்ட ஒரு டிராக்டர் இருந்துச்சு, அதுக்கும் கூரை இல்ல. செவப்பா இருக்கோணுமா? தபாலாபீஸ் வேனைப் போயி ஓட்டு. தாழ்வா இருக்கோணும்? அப்படி ஒரு காரு நம்ம தெருவுல இருக்கற வேகத்தடையில ஏறி நின்னுச்சுன்னா கிரேன்தான் கூப்புடோணும்.

எங்கிட்ட வேற அளவுகோல் இருக்குது. நம்ம காங்கேயம் காளை ஒரே ஜோடிதான். பாரவண்டியில பூட்டுனா நெல்லு மூட்டை இழுக்கும். கூண்டு வண்டியில பூட்டுனா ஒறம்பரை சனத்தை வைக்கோல் மெத்தை மேல ஒக்கார வெச்சு நோம்பிக்குக் கூட்டிக்கிட்டுப் போகும். ரேக்ளாவுல பூட்டுனா பறக்கும். மாடு மாறுல. வண்டிதான் மாறுது. ரேக்ளா வண்டியைக் கிட்டப் போயிப் பாத்திருக்கறயா? கூண்டு கெடையாது, மெத்தை கெடையாது, இன்னொரு ஆளு ஒக்கார எடம் கெடையாது. 200 மீட்டரோ 300 மீட்டரோ ஓடறதுக்கு எது வேண்டாமோ அத்தனையும் எறக்கி வெச்சிருப்பான். காருக்கும் நான் கேக்கறது அதுதான். எத்தனை குதிரைச் சக்தி, எத்தனை கதவு எல்லாம் அப்பறம். ஓட்டறதுக்காக இவன் எதை எறக்கி வெச்சான்? ஒண்ணையும் எறக்கி வெக்காம மூஞ்சிக்கு மட்டும் பவுடர் போட்டிருந்தா அது கூண்டு வண்டி. கூண்டு வண்டியை மட்டமாச் சொல்லுல. உங்கம்மாயியைப் பொண்ணு பாக்க நான் அதுலதான் போனேன். பந்தயத்துல கொண்டு போயி நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்கறே. பொங்கலுக்கு வந்தப்ப ஒரு தடிப் புத்தகத்தைத் திண்ணையில விட்டுட்டுப் போனயே, படம் போட்ட ஜெர்மன் காரு புத்தகம்? உன் தங்கச்சி பொழுதோட படிச்சுச் சொல்லுவா, நான் கேட்டுக்குவேன். எந்த வரிக்கு நீ மஞ்சள் கோடு இழுத்திருக்கறேங்கறது வரைக்கும் எனக்கு அத்துப்படி. கோடு இழுக்காம விட்டதுலதான் வெசயம் இருந்துச்சு.

1936-ல வந்த பிஎம்டபிள்யூ 328-ஐ எடுத்துக்க. ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் கொறைஞ்ச ஆறு சிலிண்டர் இன்ஜின், 80 குதிரை, எடை 830 கிலோ. இன்னைக்கு உன் ஆபீஸ்காரன் வெச்சிருக்கற வண்டியில இதைவிட எச்சாக் குதிரை இருக்கும். ஆனா 328-ஐப் பந்தயத்துக்கு ஓட்டிக்கிட்டே போயி, ஓடி செயிச்சு, அதுலயே வீட்டுக்குத் திரும்பலாம். 1940-ல இத்தாலியில நடந்த மில்லே மிலியா பந்தயத்துல அந்தக் காருக்குத் தகடு மாத்தி எடை கொறைச்சு ஓட்டுனவங்க மொத எடத்துல வந்தாங்க. மொத்தமே 464 காருதான் செஞ்சான். பாஸ் மார்க்கு. இதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல.

இப்ப உன் பீட்டிலுக்கு வர்றேன், கவனமாக் கேளு. யுத்தம் முடிஞ்ச சமயம். போர்ஷே குடும்பம் ஆஸ்திரியாவுல குமுண்டுங்கற ஊர்ல, பழைய மரம் அறுக்கற மில்லுக்குள்ள பட்டறை போட்டிருந்துச்சு. கையில காசு இல்ல, சாமானம் இல்ல. இருந்தது என்னன்னா, அப்பன் ஃபெர்டினாண்ட் போர்ஷே யுத்தத்துக்கு முன்னாடி வடிவமைச்ச போக்ஸ்வேகன், அதாவது இதே பீட்டிலோட சாமானம். மகன் ஃபெர்ரி போர்ஷே அந்த 1131 சிசி இன்ஜினைத் தட்டிக் கொட்டி 35 குதிரைக்குக் கொண்டாந்தாரு. பீட்டிலோட பிரேக்கு, பீட்டிலோட ஸ்டியரிங்கு. பாடி மட்டும் அலுமினியத் தகடு, கையால அடிச்சது. நம்ம நாமக்கல், திருச்செங்கோட்டுல லாரிக்குப் பாடி கட்டறவங்களைக் கூட்டிக்கிட்டுப் போயி அந்த மில்லுல விட்டிருந்தா அடுத்த நாளே வேலையில சேந்திருப்பாங்க. 1948 ஜூன் மாசம் ரோட்டுக்கு வந்த அந்த மொத 356 எடை எவ்வளவு தெரியுமா? 585 கிலோ! 35 குதிரையை வெச்சுக்கிட்டு மணிக்கு 135 கிலோமீட்டர் ஓடுச்சு. மூணு வருசம் கழிச்சு, 1951-ல, குமுண்டுல செஞ்ச அலுமினியக் காரு ஒண்ணு பிரான்ஸ் தேசத்து லெ மான்ஸ் பந்தயத்துல 24 மணி நேரம் ஓடி 1100 சிசி பிரிவுல செயிச்சுது.

பாத்தயா? நீ பாவமாப் பாக்கற பீட்டிலோட வகுத்துல பொறந்ததுதான் நீ செவுத்துல படம் ஒட்டி வெச்சிருக்கற போர்ஷே. இன்ஜின் மாறுல, என்னத்தை எறக்கி வெச்சாங்கறதுதான் மாறுச்சு.

இதே வேலையை நம்ம பக்கத்து ஊர்லயே ஒருத்தரு செஞ்சாரு. ஆனா உன் புத்தகத்துல அவரு இல்ல, அவரு ஜெர்மன்காரர் இல்லையே. கோயம்புத்தூர் கரிவரதன். எண்பதுகளோட கடைசியில, ஆசுபத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போற மாருதி 800-ஓட இன்ஜினையும் கியரையும் எடுத்து, குழாய்ச் சட்டத்துல பின்னாடி வெச்சு, ஒத்தை ஆளு ஒக்கார்ற பந்தயக் காரு செஞ்சாரு. ஃபார்முலா மாருதின்னு பேரு. இந்தத் தேசத்துப் பசங்க எத்தனையோ பேரு அதுல ஒக்காந்துதான் பந்தயம் படிச்சாங்க. 1995-ல விமான விபத்துல போயிட்டாரு, பாவம். செட்டிபாளையத்துல இருக்கற ஓடுதளத்துக்கு அவரு பேருதான். 2005-ல ஃபார்முலா ஒன்ல மொத இந்தியனா ஓட்டுன நரேன் கார்த்திகேயனும் கோயம்புத்தூருதான். அதுக்கும் முந்தி, மெட்ராஸுக்கு வடக்கால சோழவரத்துல யுத்த காலத்து விமானத் தளத்துல மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்காரங்க ரேஸ் வெப்பாங்க. நான் கிளீனரா இருந்தப்ப லோடு எறக்கிட்டு ஓட்டுநரோட போயி வேலிக்கு வெளியில நின்னு பாத்தேன். அங்க ஃபியட்டும் ஹெரால்டும் பின்சீட்டைக் கழட்டி, பம்பரைக் கழட்டி, கொழாயைத் தொறந்து வுட்டு ஓடுனதுல என் காது ரெண்டு நாளைக்கு அடைச்சிருச்சு. அந்த ஃபியட்டு ஸ்போர்ட்ஸ் காரான்னு நீ கேட்டா, அந்த ஞாயித்துக்கெழமை மட்டும் ஆமாம்பேன்.

சரி, போக்ஸ்வேகன்காரனே பீட்டிலை வெச்சு இன்னொரு வேலை பண்ணுனான். 1955-ல கார்மன் கியா. கியாங்கறது இத்தாலிக்காரன், உருவம் அவன் குடுத்தது. கார்மன்ங்கறது ஆஸ்னப்ரூக்ல பாடி கட்டறவன். அடியில சேஸ் பீட்டில், பின்னாடி இன்ஜின் பீட்டில், 1200 சிசி, 30 குதிரை. என்ன அழகு! படத்தைப் பாத்தா உங்கம்மாயிகூட "இது யாரூட்டுக் காரு?"ங்கறா. ஆனா போறது பீட்டில் வேகம். அந்தக் கம்பெனிக்காரன் யோக்கியன். அமெரிக்காவுல விளம்பரம் போடறப்ப, காருல ரேஸ் கோடு இழுத்து நிறுத்தி, 'பந்தயம் வெச்சா நீதான் தோப்பே'ன்னு அவனே போட்டான். விக்கறவனே ஒத்துக்கிட்டான், வாங்குனவன்தான் இன்னும் ஒத்துக்க மாட்டேங்கறான். கூண்டு வண்டி. பட்டுத்துணி போத்துன கூண்டு வண்டி.

இப்ப மெர்சிடஸ் 300 எஸ்எல். இதைச் சொல்றப்ப எனக்குக் கொஞ்சம் குரல் ஒசரும், நீ கண்டுக்காதே. மொதல்ல பந்தயத்துக்குத்தான் செஞ்சாங்க. 1952-ல லெ மான்ஸ்ல செயிச்சுது. மெக்சிகோ பந்தயத்துல ஒரு பிணந்தின்னிக் கழுகு கண்ணாடியை ஒடைச்சுக்கிட்டு உள்ள வந்து விழுந்துச்சு, அப்பவும் செயிச்சுது. நியூயார்க்ல காரு எறக்குமதி பண்ற மாக்ஸ் ஹாஃப்மன்ங்கறவரு நச்சரிச்சதுல விக்கறதுக்குன்னு ஒண்ணு செஞ்சு, 1954 பிப்ரவரியில அங்கயே கண்காட்சியில வெச்சாங்க. கதவு ரெக்கையாட்டம் மேல தொறக்கும். நீ அது ஸ்டைலுன்னு நெனைக்கறே. அது ஸ்டைலு இல்ல கண்ணு. எடை கொறையோணும்னு மெலிசு மெலிசாக் குழாயைச் சேத்து வெல்டு வெச்சுச் சட்டம் பண்ணுனான். அந்தச் சட்டம் கெட்டியா நிக்கோணும்னா பக்கவாட்டுல ஒசந்து வரோணும். பக்கம் ஒசந்தா கதவுக்கு எடம் எங்க? கூரையில கொண்டு போயி மாட்டுனான். சாதாக் கதவையே எறக்கி வெச்சவன் அவன். உள்ள ஒக்கார்றதுக்கு ஸ்டியரிங்கை மடக்கோணும். பக்கக் கண்ணாடி கீழ எறங்காது, கழட்டித்தான் எடுக்கோணும். சித்திரை மாசத்துச் சேலத்து வெயில்ல அதுல ஒக்காந்து தாரமங்கலம் போயிட்டு வந்தா, ஆளைப் பிழிஞ்சு காயப் போடோணும்.

ஆனா என்னை மயக்குனது கதவு இல்ல, பம்ப்பு. இன்ஜின் என்னமோ அந்தூரு பிரதமர் அடினாவர் பவனி வந்த பெரிய காருக்குப் போட்ட அதே மூணு லிட்டர் சாதிதான். பானெட் தாழ்வா வரோணும்னு அதைப் பக்கவாட்டுல சாச்சுப் படுக்க வெச்சான். கார்புரேட்டரைத் தூக்கியெறிஞ்சுட்டு, பாஷ் கம்பெனி பம்ப்பு ஒண்ணை வெச்சு, பெட்ரோலை நேரா சிலிண்டருக்குள்ள பீச்சுனான். ரோட்டுல விக்கற நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் காருல அதுக்கு முன்னாடி யாரும் அப்படிச் செஞ்சதில்ல. ஆறு சிலிண்டருக்கு ஆறு பிளஞ்சர், வரிசையா நிக்கற பம்ப்பு. படத்தைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நாப்பது வருசமா என் பெஞ்சுல ஏறி எறங்குனது இதோட பங்காளிதானே! மணிக்கு 200 தாண்டற காருக்கும், மேச்சேரி ரோட்டுல கல்லுமாவு ஏத்திப் போற லாரிக்கும் உள்ள இருக்கற வேலை ஒண்ணு. அதுல ஒரு கூத்தும் உண்டு. சாவியை அணைச்சதுக்கு அப்பறமும், இன்ஜின் சுத்தி நிக்கற வரைக்கும் பம்ப்பு பீச்சிக்கிட்டே இருக்கும். எரியாத பெட்ரோலு சிலிண்டர் வழியா எறங்கி ஆயில்ல கலக்கும். ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரம் மாத்தாதவன் இன்ஜினை மாத்துனான். எனக்கு ஒரு போன் போட்டிருந்தா வழி சொல்லியிருப்பேன், அப்ப எனக்கு வயசு பத்தலை. 1400 காரு செஞ்சான் அந்த ரெக்கைக் கதவுல. ஸ்போர்ட்ஸ் காரா? பின்ன?

அதோட தங்கச்சி 190 எஸ்எல். 1955-ல வந்துச்சு. தூரத்துல பாத்தா அக்கா மூஞ்சி. நாலு சிலிண்டர், 105 குதிரை, சாதாக் காரோட அடித்தட்டு. கதவு சாதாரணமாத் தொறக்கும், கண்ணாடி எறங்கும், சீலை கசங்காம ஒக்காரலாம். ஒண்ணுத்தையும் எறக்கி வெக்கல. அதனாலதான் 25,000-க்கு மேல வித்துச்சு, அக்கா வித்ததைவிடப் பல மடங்கு. கூண்டு வண்டிக்குத்தான் எப்பவும் கிராக்கி. அந்தக் காரைப் பத்தி 1957-ல பிராங்பர்ட்ல ஒரு பெரிய கதை நடந்துச்சு, கொலைக் கேசு... வேண்டாம், உங்கம்மாயி டம்ளரோட வர்றா. அப்பறமாச் சொல்றேன்.

பிஎம்டபிள்யூ 507 கதையை அவ முன்னாடி சொல்லலாம். கோர்ட்ஸ்ங்கற பிரபு வரைஞ்சது. ஜெர்மனியில அதைவிட லட்சணமா ஒரு காரு அதுவரைக்கும் வந்ததில்லைங்கறது என் கட்சி. வி8 இன்ஜின், 150 குதிரை. பட்டாளத்துல சேந்து ஜெர்மனிக்கு வந்த பாட்டுக்காரன் எல்விஸ் பிரெஸ்லி வெள்ளையில ஒண்ணு வெச்சிருந்தான். பொட்டப்புள்ளைங்க லிப்ஸ்டிக்கால அதுமேல எழுதி எழுதி வெச்சதுல, தொல்லை தாங்காம செவப்புப் பெயிண்ட் அடிச்சுட்டானாமா. உனக்கு அந்தத் தொல்லை வராது, நீ எந்தப் பெயிண்ட் வேணாலும் அடிச்சுக்க. அமெரிக்காவுல 5,000 டாலருக்கு விக்கலாம்னு போட்ட கணக்கு, செஞ்சு முடிக்கறப்ப ரெண்டு மடங்காயிருச்சு. 250 சொச்சம் காரோட 1959-ல நிறுத்துனான். அந்த வருசம் டிசம்பர்ல கம்பெனியையே டெய்ம்லர்-பென்ஸுக்கு வித்துருவோம்னு கூட்டம் கூடி, பங்குக்காரங்க சண்டை போட்டுத் தடுத்து, குவாண்ட்டுங்கற பணக்காரரு கை குடுத்துத் தப்பிச்சுது. 507 ஓட்டறதுக்காக எதையும் எறக்கி வெக்கல. கம்பெனி கஜானாவைத்தான் எறக்கி வெச்சுது. நல்ல கூண்டு வண்டிங்கறேன், நீ அழுதாலும் தீர்ப்பை மாத்த மாட்டேன்.

இப்ப கோவிச்சுக்காதே, போர்ஷே 911. பின்னாடி ரெண்டு சின்னச் சீட்டு இருக்குதே, அப்பறம் எப்படி ஸ்போர்ட்ஸ் காருன்னு உன் கூட்டாளி கேட்டானாமா, நீ பதில் சொல்லத் தெரியாம போனை வெச்சுட்டயாமா. 1963-ல பிராங்பர்ட் கண்காட்சியில 901-னு பேரு வெச்சு வந்துச்சு. நடுவுல பூச்சியம் வர்ற மூணு எண்ணு எங்க சொத்துன்னு பிரான்ஸ் பூஷோக்காரன் மல்லுக்கு நின்னதுல 911 ஆச்சு. ரெண்டு லிட்டர், ஆறு சிலிண்டர், 130 குதிரை, காத்துல ஆறற இன்ஜின். அதைக் கொண்டு போயி பின் ஆக்சிலுக்கும் பொறத்தாண்ட தொங்க வுட்டான். லாரிக்காரனைக் கேட்டா உனக்குச் சொல்லுவான். லோடு பூராத்தையும் பின்பக்கம் ஏத்துனா ஸ்டியரிங் லேசாயிரும், வளைவுல பயந்து போயி காலை எடுத்தா பின்பக்கம் முன்பக்கத்துக்கு வந்து வணக்கம் சொல்லும். மொதல்ல வந்த 911-க்கும் அதே வியாதி. அதுக்கு அந்தப் பெரிய பெரிய இன்ஜினியருங்க பண்ணுன வைத்தியம் என்ன தெரியுமா? முன் பம்பரோட ரெண்டு மூலையிலயும் 11 கிலோ இரும்புக்கட்டியை ஒளிச்சு வெச்சாங்க! எடையை எறக்கோணும்னு பாடுபட்டவன் எடையை ஏத்துனான். பொறவு 1969 மாடல்ல பின் சக்கரத்தைக் கொஞ்சம் பின்னாடி தள்ளி, சக்கர இடைவெளியை 57 மில்லிமீட்டர் நீட்டுனதுக்கு அப்பறம்தான் சாந்தமாச்சு. பின்சீட்டு இருக்கறதுக்கு நான் மார்க்கு கொறைக்க மாட்டேன். அதுல ஒக்காந்து உன்னால ஜலகண்டாபுரம் வரைக்கும் போயிட்டு நிமிந்து எறங்க முடிஞ்சா அன்னைக்கு அதைச் சீட்டுன்னு ஒத்துக்கறேன். கருமம் புடிச்சு அந்த இன்ஜினை அங்கயே வெச்சு அறுவது வருசமா ஓட்டறான் பாரு, அந்தப் பிடிவாதத்துக்கே பாஸ்.

மத்ததெல்லாம் வாசல்லயே தீர்ப்பு. 1963-ல வந்த மெர்சிடஸ் 230 எஸ்எல், பகோடா கூரைக்காரி, நீள ராலி ஒண்ணுல செயிச்சிருந்தாலும் என் கணக்குல கூண்டு வண்டி. ஓபல் ஜிடி ஏழைக்கேத்த எள்ளுருண்டை, முகவிளக்கைக் கையால நெம்பித் திருப்போணும், அதுக்காகவே புடிக்கும். 1964-ல வந்த என்எஸ்யூ ஸ்பைடர்ல பிஸ்டனே இல்லாத வான்கல் இன்ஜின். பிஸ்டனையே எறக்கி வெச்சவனை நான் என்ன சொல்ல! 924-க்கு ஆடி இன்ஜின்னு போர்ஷேக்காரனுங்களே மூஞ்சி சுழிச்சாங்க. பீட்டில் இன்ஜின்ல பொறந்தவனுக்கு என்ன அவ்வளவு ராங்கி? பாஸ் போட்டு வெச்சேன். 1976 கோல்ஃப் ஜிடிஐ, நாலு பேரு ஒக்காந்து, பொட்டியும் ஏத்திக்கிட்டு, 110 குதிரையோட, பாதி ஸ்போர்ட்ஸ் காருங்களைத் தாண்டிப் போச்சு. அது கணக்கைக் கெடுக்க வந்த காரு. அதைப் பத்திப் பேசுனா விடிஞ்சுரும்.

உன் காருக்கு வருவோம். கூரையை எடுத்தா எடை கொறையும்னுதானே நெனைச்சே? இதே பீட்டிலுக்குக் கூரை மடக்கற மாடலை 1949-ல இருந்து கார்மன்காரனே செஞ்சான். கூரை போனா பாடியோட பாதி பலம் போச்சுன்னு, அடியில இரும்புப் பட்டை வெச்சு வெச்சு, கடைசியில மூடுன காரைவிட எடை எச்சாயிருச்சு. நீ பட்டையும் வெக்காம அறுத்தீன்னா, ஏற்காட்டு மலையில இருபது கொண்டை ஊசி வளைவுல மூணாவதுலயே கதவு தானாத் தொறக்கும். நீ ரெக்கை வேற வெக்கறே. அந்த வேகத்துக்கு ரெக்கை எதுக்கு, காக்கா ஒக்கார்றதுக்கா?

இன்னொண்ணு, படிச்சவனுக்கு நான் சொல்லித் தரோணுமா? 2021-ல மத்திய சர்க்காரு ஒரு விதி போட்டுச்சு. அம்பது வருசம் தாண்டுன வண்டி, சேஸ், பாடி, இன்ஜின் பெருசா மாத்தாம ஆதியில இருந்தபடியே இருந்தா, 20,000 ரூபா கட்டி விண்டேஜ்னு பதிஞ்சுக்கலாம். பத்து வருசம் செல்லும். நம்பருல டிஎன்-க்குப் பொறகு விஏ-ன்னு எழுத்து வரும். கண்காட்சிக்கு, விண்டேஜ் ராலிக்கு, பெட்ரோல் போட, ரிப்பேர் பாக்க மட்டும் ரோட்டுல எடுக்கலாம். பட்டறைக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டு தெனமும் ஓட்டற வழி உனக்கே தெரியும், நான் சொல்லிக் குடுக்கல. கூரையை அறுத்தீன்னா அந்த விஏ போச்சு. அப்பறம் அது விண்டேஜும் இல்ல, ஸ்போர்ட்ஸும் இல்ல, வட்டச் செலவு மட்டும் மாசாமாசம் வரும்.

அதனால இப்படிப் பண்ணு. கூரையை வுட்டுரு. பெயிண்ட்டைச் சொரண்டி அடியில என்ன நெறம் இருந்துச்சோ அதையே அடிக்கச் சொல்லு. பிரேக்கை மொதல்ல பாரு, அப்பறம் டயரு, அப்பறம்தான் இன்ஜின். வேகம் வேணும்னா பின்சீட்டைக் கழட்டி நம்ம கட்டுத்தறி பக்கம் போட்டுரு, நான் மத்தியானம் படுத்துக்கறேன். அதுலயே எடை கொறையும்னு டிங்கரு சொன்னான், நான் படுக்கறதுக்காகச் சொல்லுல. வளைவுல திரும்பறப்ப காலை டக்குனு எடுக்காதே. பழைய பீட்டிலுக்குப் பின் சக்கரம் உள்ளுக்கு மடங்கற ஆக்சிலு, 911-க்கு அப்பன். தொப்பூர்க் கணவாய்ல எறங்கறப்ப நியூட்ரல் போட்டேன்னு காதுல விழுந்துச்சு, சாவி என் இடுப்புக்கு வந்துரும்.

எல்லாம் கேட்டுட்டு, "அப்புச்சி, அப்ப உங்களுக்குப் புடிச்ச ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரு எது?"ன்னு நீ கேக்கவே இல்ல பாரு. கேக்காட்டியும் சொல்றேன். அது ஒரு லாரி.

சிரிக்காதே. 1955-ல பந்தயக் காரை ஏத்திக்கிட்டுப் போறதுக்குன்னு மெர்சிடஸ்காரன் ஒரே ஒரு லாரி செஞ்சான். நீலக் கலரு. டிரைவர் கேபின் முன் சக்கரத்துக்கும் முன்னாடி தொங்கும். முதுகுல ஒரு பந்தயக் காரு. உள்ள இன்ஜின் என்னங்கறே? அதே 300 எஸ்எல் இன்ஜின், அதே பாஷ் பம்ப்பு, 192 குதிரை. சொமையோட மணிக்கு 170 கிலோமீட்டர் வரைக்கும் ஓடுச்சு. ஓடுதளத்துல காரு ஒடைஞ்சா ராத்திரியோட ராத்திரியா ஸ்டுட்கார்ட்டுக்குக் கொண்டாந்து, சரி பண்ணித் திருப்பி ஏத்திக்கிட்டுப் போறதுக்காம். 'நீல அதிசயம்'னு அந்தூருக்காரங்க பேரு வெச்சாங்க. அந்த வருசமே ஜூன்ல லெ மான்ஸ்ல கோர விபத்து, எண்பது பேருக்கு மேல செத்தாங்க. வருசக் கடைசியில மெர்சிடஸ் பந்தயத்தை வுட்டே வெலகிருச்சு. லாரிக்குச் சோலி இல்லாமப் போச்சு. 1967 டிசம்பர்ல ஒடைச்சுப் போட்டுட்டாங்க, படுபாவிங்க. அப்பறம் மனசு கேக்காம, பழைய படங்களை வெச்சே அதே மாதிரி இன்னொண்ணு செய்ய ஆரம்பிச்சு 2001-ல முடிச்சாங்க.

ஆபீஸ் சோலியா ஜெர்மனி போறேன்னு சொன்னயே, எப்பப் போறே? எனக்கும் ஒரு டிக்கெட்டு சேத்துப் போடு, பாஸ்போர்ட்டு வாங்கி வெச்சிருக்கறேன்.